வரிசையின் கடைசி ஆள்

பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காலுறையைப் பற்றித்தான். குளிருக்குப் பயந்து ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி மாட்டிக்கொள்வார்கள். அது தவறு. அந்தக் கனத்த பூட்ஸுக்குள் துணி மடிந்து, மடிப்பு அழுத்தி, மதியத்துக்குள் கால் வீங்கிவிடும். முழங்கால் வரை வருகிற மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்று போதும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நான்தான் பார்த்து வாங்கினேன். யாருக்கும் பூட்ஸ் கடிக்கவில்லை.

நீங்கள் காலுறையைப் பற்றிக் கேட்கவில்லை, தெரியும். "உங்களுக்குத் தோணுற மாதிரி எழுதுங்க, ஆரம்பத்துல இருந்து எழுதுங்க" என்று சொல்லி, காகிதத்தையும் பேனாவையும் மேஜையில் வைத்துவிட்டு, டீயைப் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள். எனக்கு ஆரம்பம் இதுதான். ஒரு பயணம் சாமான் வாங்குகிற கடையிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஆனால் என் பெயர் அடிபடுவது கணக்குக்காக இல்லை, கால அட்டவணைக்காக. எந்த நேரத்தில் எந்த வகுப்புக்கு யார் போக வேண்டும், முறைத்துக்கொண்டு திரியும் இரண்டு ஆசிரியர்களை எப்படி ஒரே மாடிப்படியில் எதிர்ப்படாமல் நகர்த்துவது, தூங்கி வழியும் மதிய வகுப்பில் யாரைப் போட்டால் பிள்ளைகள் விழித்திருப்பார்கள், எல்லாம் என் கையில். தலைமை ஆசிரியர் கையெழுத்து மட்டும்தான் போடுவார். நான் யாரையும் எதையும் செய்யச் சொல்வதில்லை. யார் எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் பார்ப்பேன். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் நல்ல மனிதர். நான் எடுத்து வைக்காவிட்டால் பல் தேய்க்கும் பிரஷ் இல்லாமலே ஊருக்குக் கிளம்பிவிடுவார். எங்களுக்கு ஒரே மகள். பதினைந்து வயது. அவளுடைய நாளை நான் அட்டவணையாகப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். எழுந்திருப்பது, படிப்பது, நடைப்பயிற்சி, நண்பர்களோடு பேசுவது, படம் வரைவது. வரைவதற்கும் நேரம் ஒதுக்கியிருந்தேன் என்பதைக் கவனியுங்கள். அந்த நேரத்தைத் தாண்டினால்தான் கேட்பேன்.

இனி சின்னவள். என் கொழுந்தனாரின் மனைவி. கல்யாணமாகி வந்த புதிதில் நான்தான் அவளைச் சின்னவள் என்று கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது. அவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள், ரயிலில் அரை நாள் தூரம். துணிக்கடைகளின் கண்ணாடி ஜன்னல்களை அலங்கரிப்பது அவள் தொழில். பொம்மைக்குச் சட்டை மாட்டிச் சம்பாதிக்கிறாள் என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். தெருவில் அவசரமாகப் போகிறவனை ஒரு நொடி நிற்க வைத்தால் போதும் அக்கா, அப்புறம் அவனே உள்ளே வருவான் என்பாள். இந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. அவள் என் மகளிடமும் அதையேதான் செய்தாள் என்று நினைக்கிறேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

முதலில் சின்னச் சின்ன விஷயங்கள். நான் அறைக்குள் நுழைந்தால் சிரிப்பு நிற்கும். சின்னவளிடம் எதைச் சொன்னாலும் கிணற்றில் போட்ட கல் என்று என் மகள் யாரிடமோ பெருமையாகச் சொன்னது காதில் விழுந்தது. அப்படியானால் போட்ட கற்கள் எத்தனை, ஒவ்வொன்றும் என்ன என்று ஒரு தாய்க்குத் தோன்றாதா. பிறகு அந்தக் கதவு. என் மகளுடைய அறைக் கதவு திறக்கும்போது கிரீச்சிடும். நான் வேண்டுமென்றேதான் அதற்கு எண்ணெய் போடாமல் வைத்திருந்தேன். சின்னவள் வந்து தங்கிவிட்டுப் போன பிறகு ஒரு நாள் அந்தக் கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. கீலைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் எண்ணெய் ஒட்டியது.

ஒரு கதவுக்கு எண்ணெய் போடுவது குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஆனால் யாருடைய காதுக்காக அந்தச் சத்தம் நிறுத்தப்பட்டது என்று யோசியுங்கள்.

பனிச்சறுக்கு யோசனை சின்னவளுடையது. கொழுந்தனார் படிக்கிற காலத்தில் கற்றவர், நன்றாகவே சறுக்குவார். எல்லோரும் சேர்ந்து மலைக்குப் போகலாம், விடுதியில் ஒரு வாரம் இருக்கலாம் என்று அவள்தான் போனில் ஆரம்பித்தாள். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம், காய்ந்த துணிகளை மடித்து வைக்கப் போனபோது என் மகளின் அறைக்குள்ளிருந்து பேச்சு கேட்டது. கதவு சத்தம் போடாமல் திறந்தால் இரண்டு பக்கத்துக்கும் வசதிதான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்த வருஷம் நான் உங்க வீட்டுல இருந்தே படிக்கிறேன் சித்தி. என்னால அம்மாகிட்ட சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்க. மலைக்குப் போறப்ப சொல்லிடுங்க. அங்க எல்லாரும் இருப்பாங்க, அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா."

மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை. மடித்த துணிகளைக் கூடத்து நாற்காலியில் வைத்துவிட்டு, சின்னவளுக்குப் போன் போட்டு, பயணத்துக்குச் சம்மதம் சொன்னேன். ஏற்பாடெல்லாம் என்னிடம் விட்டுவிடு என்றேன். அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

எனக்குப் பொறாமை இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. பெற்றவளுக்கு இருக்கக் கூடிய பொறாமைதான். வயிறு எரிந்தது என்று சொல்வார்களே, அது பேச்சுக்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன். உண்மையாகவே எரியும்.

சின்னவள் தனக்கும் என் மகளுக்கும் சேர்த்துத் தனி ஆசிரியர் வைத்துக்கொள்ளலாம் என்றாள். எனக்கும் சறுக்கக் கற்றுக்கொள்ள ஆசை, குழு வகுப்பில் மூன்று பேரும் சேர்ந்தே கற்றுக்கொள்வோம் என்றேன். "அக்கா, நீங்களுமா" என்று வாய்விட்டுச் சிரித்தாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே மகிழ்ந்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த மலையில் சறுக்கு கற்றுத் தருகிற பள்ளிகள் இரண்டு. ஒன்று பெரியது. அங்கே ஆளுக்கு ஓர் எண் எழுதிய மேலாடை கொடுத்து, நிற்கிற இடத்திலெல்லாம் எண்ணைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். இன்னொன்று சிறியது. அங்கே வரிசையில் கடைசியாக வருகிறவருக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேலாடை கொடுப்பார்கள். ஆசிரியர் கீழே நின்று மேலே பார்ப்பார். ஆரஞ்சு வந்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டு இடத்துக்கும் போன் செய்து விசாரித்தேன். விடுமுறைக்குப் போன இடத்திலும் ஆஜர் எடுக்க வேண்டுமா, சின்னப் பள்ளியே போதும் என்று வீட்டில் சொன்னேன். என் கணவர், "நீயே அப்படிச் சொல்றியா" என்று ஆச்சரியப்பட்டார்.

விடுதி நன்றாக இருந்தது. மர அறைகள், தடித்த போர்வைகள், ஜன்னலுக்கு வெளியே எந்நேரமும் வெள்ளை. என் கணவருக்கு இடுப்பு வலி. அவர் கீழே கூடத்தில் கணப்பருகே உட்கார்ந்து செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். கொழுந்தனார் தேர்ந்தவர்களோடு உச்சிக்குப் போய்விடுவார். நாங்கள் மூவரும் ஆரம்பப் பாடக் குழுவில். கூடவே, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும், ஓய்வு பெற்ற ஒரு பல் டாக்டரும்.

எங்கள் ஆசிரியரை எல்லோரும் வாத்தியார் என்றே கூப்பிட்டோம். இளைஞர். வெயிலிலும் குளிரிலும் மூக்குத்தோல் உரிந்திருக்கும். காலில் மாட்டிய பலகைகளின் முன்முனையை ஒன்றாகச் சேர்த்து முக்கோணம் போல வைத்தால் வேகம் குறையும், இணையாக வைத்தால் ஓடும் என்று முதல் நாள் சொல்லித் தந்தார். பல் டாக்டர் விழுந்துகொண்டே இருந்தார். "விழறப்ப வாயை மூடிக்கிட்டு விழுங்க, பல்லாவது மிஞ்சும்" என்று எங்களுக்கு வேறு அறிவுரை. என் மகள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். நான் சுமார். சின்னவள் தனியாக விட்டால் நன்றாகவே சறுக்குவாள். ஆனால் யாராவது பின்னால் வருகிற சத்தம் கேட்டால் உடல் விறைத்து, ஒரு பக்கமாக ஒதுங்கி, விழுந்துவிடுவாள்.

"பின்னாடி நெருங்கி வந்தாங்கன்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது அக்கா" என்றாள், பனியைத் தட்டிக்கொண்டே.

"அப்ப நீ கடைசிக்கு முன்னாடி வந்துக்கோ. உனக்குப் பின்னாடி நான் வர்றேன். நான் தள்ளியே வருவேன்" என்றேன்.

வாத்தியாரிடமும் நானே பேசினேன். பள்ளியில் சுற்றுலாப் போகும்போது பிள்ளைகளுக்குப் பின்னால் வந்து பழக்கம், ஆரஞ்சு மேலாடையை எனக்குக் கொடுங்கள் என்றேன். அவருக்கு நிம்மதி. பொதுவாக யாரும் அதை வாங்கிக்கொள்ள மாட்டார்களாம். கடைசியில் வந்தால் மட்டமாகச் சறுக்குகிறவர் என்று நினைப்பார்களே என்று கூச்சம். அந்த மேலாடையின் பையில் ஒரு விசில் இருந்தது. என் மகளை வாத்தியாருக்கு அடுத்தபடியாக, வரிசையின் முதலில் நிறுத்தச் சொன்னேன். நன்றாகச் சறுக்குகிற பிள்ளை முன்னால் போவதுதானே முறை. அவள் முகம் கொஞ்சம் வாடியது. சித்தியோடு வர நினைத்திருப்பாள்.

ஆக, யார் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தார்கள்.

மூன்று நாள் அடிவாரச் சரிவிலேயே பழகினோம். மூன்றாம் நாள் இரவு முழுக்கப் பனி கொட்டியது. மறுநாள் காலையில் வாத்தியார் எங்களை மேலே மரங்களுக்கு நடுவே போகிற நீண்ட பாதைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். லேசாகப் பனி தூவிக்கொண்டே இருந்தது. கிளம்பும் முன் எல்லோரையும் நிற்க வைத்து, வழக்கமாகச் சிரித்த முகத்தை மாற்றிக்கொண்டு பேசினார்.

"பாதையை விட்டு மரத்துப் பக்கம் போயிடாதீங்க. கிளைக்கு அடியில பனி கெட்டிப்படாது. பார்க்கத் தரை மாதிரிதான் இருக்கும், கால் வச்சா தலைகுப்புற உள்ள போயிடுவீங்க. தானா வெளிய வர முடியாது. புதுப்பனி, அசைய அசைய மேல சரியும். யாராவது விழுந்தா பக்கத்துல இருக்கறவங்க அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. விசில் ஊதணும், கையால தோண்டணும். நேரம் ரொம்பக் கம்மி."

புரிந்ததா என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினோம். நான்கூட ஒரு சந்தேகம் கேட்டேன், மூச்சுக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று. ஆசிரியை என்பதால் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

கம்பி வடத்தில் தொங்கி மேலே போகிற லிஃப்ட் நாற்காலியில் இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். கடைசி நாற்காலியில் நானும் சின்னவளும். காலுக்குக் கீழே மரங்கள், சத்தமே இல்லாத இடம். அவள் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"பாப்பா அடுத்த வருஷம் எங்க வீட்டுல இருந்து படிக்கணும்னு கேட்டா."

"அப்படியா."

"நான் வேண்டாம்னுட்டேன்க்கா. அப்பவே போன்லயே சொல்லிட்டேன். அம்மாகிட்ட உக்காந்து பேசு, நானும் கூட இருக்கேன்னு சொன்னேன். அழுதா. உங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னுதான் இப்ப சொல்றேன்."

"ஏன் அழுதா?"

நாற்காலி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது லேசாகக் குலுங்கியது.

"மூச்சு முட்டுதுங்கறா அக்கா. வீட்டுல மூச்சு முட்டுதாம். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் விட்டுப் பிடிச்சீங்கன்னா அவ எங்கயும் போக மாட்டா. உங்க மேல உசுரையே வச்சிருக்கா."

என் பிள்ளை என் மேல் உயிரை வைத்திருக்கிறாள் என்று எனக்கு அவள் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிமிடத்தில் நான் அவளை வெறுத்ததைப் போல யாரையும் எப்போதும் வெறுத்ததில்லை. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "நல்ல வேளை சொன்ன" என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மனசு லேசாயிடுச்சு அக்கா என்றாள்.

அவள் சொன்னது உண்மையா என்று நீங்கள் யோசிப்பீர்கள். நானும் யோசித்தேன். உண்மையாகவும் இருக்கலாம் என்றே பட்டது. ஆனால் ஒரு முறை போட்ட அட்டவணையைக் கடைசி நேரத்தில் மாற்றுவது எனக்குப் பிடிக்காது. ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும்.

உங்களிடம் முன்பு என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறது. இரண்டு திருப்பம் தாண்டியதும் சின்னவள் முட்டி வலிக்கிறது என்று நின்றுவிட்டாள், லிஃப்ட் பக்கம்தானே, திரும்பி நடந்து போய் அதிலேயே இறங்கி அறைக்குப் போவதாகச் சொன்னாள், நான் நம்பி வந்துவிட்டேன் என்றேன். அப்படியானால் அதற்கு வெகுதூரம் கீழே, வளைவுக்குப் பக்கத்தில் எப்படிக் கிடைத்தார் என்று கேட்டீர்கள். மனம் மாறித் தனியாக இறங்கியிருப்பாள் என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டு டீயைக் கீழே வைத்தீர்கள். அப்போதே எனக்குத் தெரியும், நீங்கள் நம்பவில்லை என்று. வகுப்பில் அந்தத் தலையாட்டலை நானும் செய்வேன்.

அவள் திரும்பிப் போகவில்லை. முட்டியும் வலிக்கவில்லை. மனசு லேசானதாலோ என்னவோ, அன்றைக்கு அழகாகச் சறுக்கினாள். வளைவு வந்தது. அங்கே பாதை குறுகும், இடது பக்கம் பெரிய மரங்கள். முன்னால் போனவர்கள் வளைவைத் தாண்டிக் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். நான் என் பலகைகளை முக்கோணத்திலிருந்து இணையாக மாற்றினேன். அவ்வளவுதான் செய்தேன். பலகை தானாக ஓடியது. அவளுக்கு மிக அருகில், வலது பக்கமாகப் போனேன். சத்தம் கேட்டு அவள் விறைத்தாள். இடது பக்கம் ஒதுங்கினாள்.

நான் அவளைத் தொடவில்லை. இதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

நான் நின்றேன். கிளைக்குக் கீழே ஒரு பலகையின் முனை மட்டும் தெரிந்தது. அது அசைந்தது. "அக்கா" என்று ஒரு தடவை கேட்டது, போர்வைக்குள்ளிருந்து கூப்பிடுவதைப் போல. பிறகு மேலே இருந்த பனி சரிந்தது. விசில் என் பையில்தான் இருந்தது. அதை எடுக்கக் கையுறையைக் கழற்ற வேண்டும். நல்ல குளிர். மூச்சு முட்டுகிறது என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். பலகை அசைவது நிற்கும் வரை நான் இருக்கவில்லை. ரொம்ப நேரம் தாமதித்தால் கீழே சந்தேகம் வரும்.

கீழே சமதளத்தில் வாத்தியார் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். என் ஆரஞ்சு மேலாடையைக் கண்டதும் கட்டை விரலை உயர்த்தினார். "எல்லாரும் வந்தாச்சு, வாங்க, சூடா ஏதாவது குடிக்கலாம்" என்று திரும்பி நடந்தார். புதுமணத் தம்பதிகள் ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் உட்கார்ந்து பூட்ஸைத் தளர்த்திக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தது ஒருத்திதான்.

"சித்தி எங்கம்மா?"

"முட்டி வலின்னு லிஃப்டுக்கே திரும்பிட்டா. ரூமுக்குப் போயிருப்பா."

"நான் போய்ப் பாத்துட்டு வரவா?"

"படுத்திருப்பா, தொந்தரவு பண்ணாத. முதல்ல ஏதாவது குடி, உதடெல்லாம் நீலமா இருக்கு பாரு."

அவள் குடித்தாள். நான் சொன்னால் கேட்கிற பிள்ளை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே அந்தப் பாதையையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கழுத்துக்குக் கீழே, அந்த மேலாடையை.

மதியம் கொழுந்தனார் வந்து கேட்ட பிறகுதான் தேடல் தொடங்கியது. முதலில் அறைகள், பிறகு லிஃப்ட் நிலையம், பிறகு மேல் திருப்பங்கள். நான் சொன்ன இடங்களில்தான் தேடினார்கள். வளைவுக்கு வரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. அதற்குள் பெய்த பனியில் எந்தத் தடமும் இல்லை. அந்த வாத்தியார் வெறுங்கையால் தோண்டினார் என்று சொன்னார்கள். தலையை எண்ணாதது தன் தவறு என்று இன்றுவரை அழுகிறாராம், வேலையையும் விட்டுவிட்டாராம். கூடத்தில் வைத்து அவரைத் தேற்றியது நான்தான். வழக்கம் அப்படி இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்றேன்.

அந்த வழக்கத்தில் இருக்கிற ஓட்டை எனக்குத் தெரியும். எங்கள் பள்ளியிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. சுற்றுலாவில் கடைசியாக ஓர் ஆசிரியர் வருவார். அவர் முகம் தெரிந்தால் எண்ணாமல் பஸ்ஸை எடுப்பார்கள். ஒரு முறை பூங்காவில் ஒரு பிள்ளை விடுபட்டுப் போனாள். கடைசி ஆசிரியை அவளைக் கவனிக்காமல் கடந்து வந்துவிட்டாள். நல்ல வேளையாகப் பிள்ளை பத்திரமாகக் கிடைத்தாள். அதோடு அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி எல்லா ஆசிரியர்கள் முன்னிலையிலும் வாதாடியவள் நான். கடைசி ஆள் வந்துவிட்டார் என்பதால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று ஆகிவிடாது; அந்த ஒருவரை நம்பி மற்றவர்களின் உயிரை ஒப்படைக்கக் கூடாது என்றேன். கை தட்டினார்கள். அதனால்தான் மலையில் இருக்கிற இரண்டு பள்ளிகளையும் விசாரித்தேன். அதனால்தான் சின்னதைத் தேர்ந்தெடுத்தேன்.

இதோ எழுதிவிட்டேன். உங்களுக்கு வேண்டியது இதுதானே. என் கொழுந்தனாரின் மனைவியை நான் கொன்றேன். காலுறை வாங்கிய நாளிலேயே முடிவு செய்துவிட்டேன். வருத்தம் இருக்கிறதா என்று கேட்டால், கொழுந்தனாரைப் பார்க்கும்போது இருக்கிறது. வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடுகூட ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையாம். நான்தான் வாரம் தவறாமல் போன் செய்து விசாரிக்கிறேன்.

என் மகள் உங்களிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கப் போவதில்லை. அவள் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். குழந்தை நன்றாகத் தேறி வருகிறாள். அட்டவணைப்படி எழுகிறாள், அட்டவணைப்படி படிக்கிறாள். வரைவதை அவளாகவே விட்டுவிட்டாள். அந்த நேரத்தில் கணக்குப் போடுகிறாள். வேறு ஊருக்குப் போகிற பேச்சே இல்லை. அறைக் கதவைச் சாத்துவதுகூடக் கிடையாது. எந்நேரமும் விரியத் திறந்து வைத்து, சுவரில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்தபடிதான் உட்காருகிறாள். இதற்காகத்தானே நான் இவ்வளவும் பட்டேன்.

நீங்கள் எங்களைப் பிரித்து வைப்பதற்கு முன் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அவளுக்கு என்னைவிட்டால் யாரும் இல்லை என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது. இப்போதெல்லாம் எங்கே போனாலும் என்னோடுதான் வருகிறாள். தெருவில் நடந்தாலும், மாடிப்படி இறங்கினாலும், ரயில் மேடையில் நின்றாலும், சட்டென்று ஒதுங்கி நின்று, "நீ முன்னாடி போம்மா" என்று எனக்கு வழி விடுகிறாள். எவ்வளவு சொன்னாலும் எனக்கு முன்னால் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டாள். பெற்றவளுக்கு இப்படி மரியாதை கொடுக்கிற பிள்ளையை இந்தக் காலத்தில் நீங்கள் எங்கே பார்த்திருக்கிறீர்கள்.